கட்சி மாற்றி வாக்களிப்பது: வாக்காளருக்கு உரிமை, உறுப்பினருக்கு அல்ல

(பாகாலா வட்டார வாக்காளர்கள் சார்பில் நிலைப்பாட்டு அறிக்கை)

‘கிராஸ் ஓட்டிங்’ என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு செயல்கள் பேசப்படுகின்றன. ஒன்றை நாங்கள் ஆதரிக்கிறோம், மற்றொன்றை எதிர்க்கிறோம்.

பாகாலா மண்டலம் 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. சட்டமன்றத்துக்குச் சந்திரகிரி தொகுதி, நாடாளுமன்றத்துக்குச் சித்தூர் தொகுதி. அதனால் சாவடியில் இரண்டு இயந்திரங்கள்: வெள்ளைத் தாள் ஒட்டியது எம்.பி.க்கு, இளஞ்சிவப்புத் தாள் ஒட்டியது எம்.எல்.ஏ.வுக்கு. இரண்டிலும் ஒரே சின்னத்தை அழுத்த வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. அமெரிக்காவின் சில மாநிலங்களில் ஒரு கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலில் பிற கட்சி ஆதரவாளர்களும் வாக்களிக்கலாம். இங்கே வேட்பாளரைக் கட்சித் தலைமையே அறிவித்துவிடுகிறது. நமக்கு மிஞ்சுவது அந்தப் பொத்தான் மட்டுமே. அதை விருப்பப்படி பிரித்து அழுத்துவது துரோகம் அல்ல. பணம் கொடுத்தோ சத்தியம் வாங்கியோ அதைத் தடுப்பதே குற்றம்.

உறுப்பினர் கதை வேறு. அவர் கையில் இருப்பது நாம் கொடுத்த வாக்கு.

திருப்பதி மாநகராட்சியில் 2021 மார்ச்சில் தேர்தல் நடந்த 49 வார்டுகளில் 48 ஒய்.எஸ்.ஆர். காங்கிரசுக்கும் 1 தெலுங்கு தேசத்துக்கும் கிடைத்தன. 2025 பிப்ரவரி 4 அன்று துணை மேயர் தேர்தலில் தெலுங்கு தேசம் வேட்பாளர் 26 வாக்குகளும் எதிர்த்தவர் 21 வாக்குகளும் பெற்றனர். இடையில் மாநகராட்சித் தேர்தல் எதுவும் நடக்கவில்லை.

இப்படித் தாவுவது ஒரு கட்சியின் பழக்கம் மட்டும் அல்ல. 2019 ஆந்திரச் சட்டமன்றத் தேர்தலில் தெலுங்கு தேசம் 23 எம்.எல்.ஏ.க்களைப் பெற்றது, அவர்களில் நால்வர் பின்னர் அப்போதைய ஆளுங்கட்சியான ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் பக்கம் போனார்கள். 2023 மார்ச் மேலவைத் தேர்தலில் கைவசம் 19 பேரே இருந்தும் தெலுங்கு தேசத்தின் பஞ்சுமர்த்தி அனுராதா 23 வாக்குகள் பெற்று வென்றார். ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் தன் நான்கு எம்.எல்.ஏ.க்களை இடைநீக்கம் செய்தது. இருதரப்பிலும் எட்டுப் பேரைப் பேரவைத் தலைவர் தகுதிநீக்கம் செய்தது 2024 பிப்ரவரியில். அடுத்த பொதுத்தேர்தலுக்கு மூன்று மாதம்கூட இல்லை. பதவிக்காலம் முடியும் தறுவாயில் வந்த தண்டனையால் யாருக்கும் இழப்பில்லை.

மனசாட்சி என்று சிலர் வாதிடுவார்கள். சொந்தக் கட்சியைக் கண்டிப்பதும் மசோதாவை எதிர்த்துப் பேசுவதும் உறுப்பினரின் கடமை. அதை நாங்கள் தாவல் என்று சொல்லவில்லை. ஒரு சின்னத்தில் வென்று, அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே எதிர்த்தரப்புக்குப் பதவி வாங்கிக் கொடுப்பதைத்தான் தாவல் என்கிறோம். மனசாட்சி உண்மையானால் ராஜினாமாக் கடிதம் முன்னால் வரவேண்டும்.

எங்கள் கோரிக்கைகள்:

1. கட்சி மாற விரும்பும் உறுப்பினர் முதலில் பதவி விலகி, இடைத்தேர்தலில் மக்களைச் சந்திக்க வேண்டும்.

2. தகுதிநீக்க மனுக்களைச் சாதாரணமாக மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொன்னது. அந்தக் கெடுவைச் சட்டத்திலேயே எழுத வேண்டும். தீர்ப்பளிக்கும் அதிகாரத்தைப் பேரவைத் தலைவரிடமிருந்து சுயேச்சையான தீர்ப்பாயத்துக்கு மாற்ற வேண்டும்.

3. மாநிலங்களவைத் தேர்தலில் 2003 முதல் உள்ள வெளிப்படை வாக்கு, எம்.எல்.ஏ.க்கள் வாக்களிக்கும் மேலவைத் தேர்தலுக்கும் வரவேண்டும்.

4. மண்டலப் பரிஷத், நகராட்சித் தலைவர் தேர்தல்களில் கொறடா உத்தரவை மீறியோர் மீதான நடவடிக்கைக்கும் அதே மூன்று மாதக் கெடு வேண்டும்.

அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் வாக்குக் கேட்டு வரும் எல்லாக் கட்சி வேட்பாளர்களிடமும், முதல் கோரிக்கைக்கு எழுத்தில் உறுதிமொழி கேட்போம். கையெழுத்திட்டவர் யார், மறுத்தவர் யார் என்பதை ஊர் ஊராகச் சொல்வோம்.