ஐரோப்பா போட்டோ போடுற மகராசன்களே, விசாவையும் போடுங்க!



நம்ம நண்பர்கள் யாராவது ஐரோப்பாவுக்குள்ள ரயில், பஸ்னு நீளமா ஒரு பயணம் கிளம்பினா, இப்பல்லாம் நாமளும் கூடவே போயிடறோம். காலைல பிராக் பாலம், மத்தியானம் வியன்னால காபி, ராத்திரி புடாபெஸ்ட் நாடாளுமன்றக் கட்டடம் மஞ்சள் வெளிச்சத்துல ஜொலிக்கும். நமக்கு பொட்டி தட்டுற இடத்துலேர்ந்தே தரிசனம். எனக்கு இதுல பொறாமை எல்லாம் கிடையாது (சரி, கொஞ்சம் உண்டு). என் கடுப்பு வேற. நூத்தி முப்பது படம் போடுறவங்க, ஒரே ஒரு படத்துக்குக் கீழயாவது என்ன தேதி, என்ன விசா, எவ்வளவு காசுன்னு ஒரு வரி எழுத மாட்டேங்கறாங்க. நண்பர்களுக்காகத்தானே போடுறீங்க? அப்ப அந்த வரிதான் மொதல்ல வேணும்ங்கறது என் கட்சி.

இதனால என்ன குடி முழுகிப் போச்சுன்னு கேக்கறவங்களுக்கு, என் காலேஜ் ஜூனியர் ஒருத்தன் கதை. பேர் வேண்டாம். வீட்டுக் கடன், அக்கா கல்யாணக் கடன் எல்லாம் முடிச்சிட்டு, ரெண்டு வருஷம் காசு சேத்து ஊர்லேர்ந்து கிளம்பினான். வழியை எங்க செட்டு ஆளு ஒருத்தரோட ஆல்பத்தைப் பாத்து அப்படியே எடுத்துக்கிட்டான். புடாபெஸ்ட், அங்கேர்ந்து பஸ்ல பெல்கிரேட், அங்கேர்ந்து குரோஷியா, அப்புறம் இத்தாலி, ரோம்லேர்ந்து திரும்பி வர விமானம். ஆல்பம் போட்டவர் ஐரோப்பால வேலை பாக்கறவர், கையில ரெசிடென்ஸ் பெர்மிட் உண்டு. எத்தனை தடவை வெளிய போனாலும் உள்ள வரலாம். பையன் கையில இருந்தது ஒத்தை நுழைவு ஷெங்கன் விசா.

செர்பியா ஷெங்கன்ல இல்லை. ஹங்கேரியை விட்டு செர்பியாக்குள்ள போன அந்த நிமிஷமே அவனோட ஒத்தை நுழைவு முடிஞ்சு போச்சு. விசா ஸ்டிக்கர்ல இன்னும் பத்து நாள் பாக்கி இருந்தாலும் அது செல்லாது. குரோஷியா 2023 ஜனவரி 1லேர்ந்து ஷெங்கன் நாடு. அதனால எல்லையில இறக்கி விட்டுட்டாங்க. திரும்ப பெல்கிரேட் வந்து, கடைசி நேர விலையில ஊருக்கு ஒரு டிக்கெட். ரோம் டிக்கெட் காசு போனது போனதுதான். அவன் ரோமைப் பாக்கவே இல்லை. வீட்டுல இன்னிக்கு வரைக்கும் "நல்லா சுத்திப் பாத்துட்டு வந்தான்"னுதான் நெனச்சிட்டு இருக்காங்க.

அந்த ஆல்பத்துல படங்கள் எல்லாம் அருமை, நான் குறை சொல்லலை. "பல நுழைவு விசா இல்லாதவங்க இந்த வழியில வராதீங்க"ன்னு ஒரு வரி இருந்திருந்தா போதும்.

இந்த விஷயம் நம்ம பாஸ்போர்ட் வெச்சிருக்கற எல்லாருக்கும் வரும். 2025 செப்டம்பர்ல நாங்க நாலு பேர் ஜெர்மனிலேர்ந்து இஸ்தான்புல் வரைக்கும் தரை வழியாவே போனோம். நாலு பேர்கிட்டயும் ஒரே நீலப் பாஸ்போர்ட், ஆனா உள்ள இருக்கற காகிதம் நாலும் நாலு தினுசு. என்கிட்ட ஜெர்மன் பெர்மிட். இன்னொருத்தன்கிட்ட நெதர்லாந்து பெர்மிட். லண்டன்ல வேலை பாக்கறவன், அங்க எத்தனை வருஷம் இருந்தாலும் சரி, ஷெங்கன் விசா தனியா எடுத்தாகணும். நாலாமவன் சென்னையிலேர்ந்து 90 யூரோ கட்டி ஒத்தை நுழைவு வாங்கிட்டு வந்தான். (2024 ஜூன்லேர்ந்து பெரியவங்களுக்கு அதான் கட்டணம். விசா கிடைக்கலைன்னாலும் அது திரும்ப வராது.) நாங்க வழி போட்டதே அவன் விசாவை வெச்சுத்தான். செர்பியா பக்கம் போகவே இல்லை. ருமேனியாவும் பல்கேரியாவும் 2025 ஜனவரி 1லேர்ந்து தரை எல்லையிலயும் ஷெங்கன் ஆயிட்டதால, ஹங்கேரி, ருமேனியா, பல்கேரியான்னு உள்ளுக்குள்ளயே போய், கடைசியா துருக்கிக்கு ஒரே ஒரு தடவை வெளிய. அங்கேர்ந்து அவன் நேரா சென்னைக்கு விமானம். துருக்கி இ-விசாவுக்கு அவன் கம்பெனி புண்ணியத்துல வாங்கின அமெரிக்க விசா கை குடுத்துச்சு. அந்த மாதிரி ஒண்ணு இல்லாத இந்தியருக்கு இ-விசா கிடையாது, முறையா விண்ணப்பம் போட்டு வாங்கணும்.

இன்னொரு சமாச்சாரமும் பலருக்குத் தெரியலை. 2024 ஏப்ரல்லேர்ந்து இந்தியால குடியிருக்கற இந்தியர்களுக்கு ஷெங்கன்ல ஒரு படிக்கட்டு முறை வந்திருக்கு. முந்தின மூணு வருஷத்துல ரெண்டு விசா வாங்கி ஒழுங்கா பயன்படுத்தியிருந்தா, அடுத்தது ரெண்டு வருஷத்துக்குப் பல நுழைவு விசா கிடைக்க வாய்ப்பு. எத்தனை ஐபிள் டவர் படம் பாத்திருப்போம், இதை யாராவது சொன்னாங்களா?

டிக்கெட் கதையும் இதே மாதிரிதான். ஐரோப்பால குடியிருக்கறவங்களுக்கு இன்டர்ரெயில், வெளியிலேர்ந்து வர்றவங்களுக்கு யூரெயில். ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே பாஸ்தான், 33 நாட்டுல செல்லும், துருக்கி உட்பட. ஆனா இன்டர்ரெயில்காரன் தன் சொந்த நாட்டுக்குள்ள வெளிய போக ஒரு நாள், திரும்பி வர ஒரு நாள், அவ்வளவுதான் பயன்படுத்த முடியும். பாஸ் இருந்தாலும் யூரோஸ்டாருக்கும் ராத்திரி வண்டி படுக்கைக்கும் தனியா ரிசர்வேஷன் காசு. "பாஸ் எடுத்தேன், ஜாலியா சுத்தினேன்"னு எழுதறவங்க இதை ஏன் முழுங்கிடறாங்கன்னு எனக்கு விளங்கவே இல்லை. அப்புறம் 27 வயசு வரைக்கும்தான் இளைஞர் சலுகை. 28 ஆயிட்டா நீங்க பெரியவர், முழுக் காசு. எங்க நாலு பேர்ல ஒருத்தனுக்கு மட்டும் சலுகை கிடைச்சுது, பயணம் பூரா அவன் எங்களை "அங்கிள்"னே கூப்பிட்டான். அவ்வ்வ்வ்.

ஜெர்மனிக்குள்ள ரயில் மாறும்போது நடுவுல நிறைய நேரம் விட்டு வெச்சுக்கோங்க. 2024ல அங்க நெடுந்தூர ரயில்கள்ல 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்துச்சு. அதுவும் ஆறு நிமிஷத்துக்குள்ள தாமதம்னா "நேரத்துக்கு வந்தது"ன்னுதான் கணக்கு! நம்ம ஊர்ல எதுக்கெடுத்தாலும் "ஜெர்மன்காரன் கடிகாரம் மாதிரி"ம்பாங்க இல்ல, அந்தப் பெரியப்பா சித்தப்பாக்களுக்கு இதைப் பிரிண்ட் எடுத்து அனுப்பலாம்.

சரி, இப்ப கொஞ்சம் கஷ்டமான விஷயம். வழியில ஒரு எல்லையைத் தாண்டினதும் (எந்த நாடுன்னு சொல்லலை) சீருடைக்காரங்க ரெண்டு பேர் பெட்டிக்குள்ள ஏறினாங்க. பெட்டி நெறைய ஆள். நேரா எங்ககிட்ட வந்தாங்க. நாலு பேர் காகிதமும் பத்து நிமிஷம் அலசினாங்க. சென்னைப் பையனோட திரும்பற டிக்கெட், ஹோட்டல் முன்பதிவு எல்லாம் கேட்டாங்க. மத்தவங்க யாரையும் ஒண்ணும் கேக்காம இறங்கிப் போயிட்டாங்க. எதிர்ல இருந்த பாட்டியம்மா எங்களைப் பாக்காம ஜன்னலையே பாத்துட்டு இருந்தாங்க. மரியாதைக் குறைவா யாரும் எதுவும் பேசலை. எல்லாம் சட்டப்படிதான். ஆனா அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் எங்க நாலு பேர்ல யாரும் வாய் திறக்கலை.

அன்னிக்கு ராத்திரி படம் போடும்போது நான் இதையும் எழுதலாம்னு சொன்னேன். "எதுக்குடா நெகட்டிவா? அம்மா பாத்தா பயப்படுவாங்க"ன்னு மூணு பேரும் ஒரே குரல்ல மறுத்துட்டாங்க. அம்மா பயப்படுவாங்கதான், ஒத்துக்கறேன். ஆனா அடுத்த மாசம் இதே வண்டியில தனியா ஏறப்போற ஒரு நம்மூர்ப் பொண்ணுக்கு, "திரும்பற டிக்கெட்டைக் காகிதமா கையில வெச்சுக்கோ, போன் சார்ஜை நம்பாதே"ன்னு யார் சொல்லுவா? அவங்க சொன்னதுல நியாயம் இருக்கு, எனக்கும் தெரியும். இருந்தாலும் எழுதறேன், எழுதிட்டேன்.

உடனுக்குடன் போடுறதும் எனக்கு ஒத்து வரலை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ள 2017 ஜூன்லேர்ந்து ரோமிங்குக்குத் தனிக் காசு கிடையாது. அதனால பாக்கறதுக்கும் சொல்றதுக்கும் நடுவுல இடைவெளியே இல்லாம போச்சு. பாட்ரிக் லீ ஃபெர்மர்னு ஒரு ஆளு. 1933 டிசம்பர்ல, பதினெட்டு வயசுல, ஹாலந்துலேர்ந்து கான்ஸ்டான்டிநோபிளுக்கு நடந்தே கிளம்பினார். மியூனிக்ல மூட்டையை எவனோ திருடிட்டான், டைரியும் அதோட போச்சு. அவர் அந்தப் பயணத்தோட மொத பாகத்தைப் புத்தகமாப் போட்டது 1977ல. நாப்பத்து மூணு வருஷம் கழிச்சு! ஆரம்பமே நண்பருக்கு எழுதின கடிதம். மூணாவது பாகம் அவர் செத்து ரெண்டு வருஷம் கழிச்சு 2013லதான் வந்துச்சு. நம்மளை அவ்வளவு நாள் ஊறப் போடச் சொல்லலை. ஆனா ஒண்ணு கவனிங்க: மாசம் நாலு பவுண்டு கைச்செலவு, அது வழியில இருக்கற தபால் நிலையங்களுக்கு வந்து சேரும், அதை வெச்சு எப்படி ஓட்டினேன்னு மனுஷன் வெக்கப்படாம எழுதியிருக்கார். நாம ஹாஸ்டல் வாடகையைச் சொல்லவே கூச்சப்படறோம்.

சும்மா குறை மட்டும் சொல்லிட்டுப் போனா நல்லா இருக்காது இல்லையா. புடாபெஸ்ட்லேர்ந்து புகாரெஸ்ட் ராத்திரி வண்டி பதினஞ்சு மணி நேரத்துக்கு மேல. ருமேனியாக்குள்ள போனதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வைக்கணும். காலைல கார்பாத்திய மலை, பிரஷோவ் பக்கம் ஜன்னலை விட்டு நகரவே முடியலை. சாப்பாடு புடாபெஸ்ட்லயே வாங்கி வெச்சுக்கோங்க. அடுத்து டான்யூப் மேல 1954ல கட்டின நட்புப் பாலம், ரெண்டு கிலோமீட்டருக்கு மேல நீளம், தாண்டினா பல்கேரியாவோட ருசே. நோபல் வாங்கின எலியாஸ் கனெட்டி பொறந்த ஊரு. அங்க வண்டி மாறணும். சோஃபியா - இஸ்தான்புல் படுக்கை டிக்கெட்டை நாங்க சோஃபியா ஸ்டேஷன் கவுண்டர்ல நேர்ல போய்த்தான் வாங்கினோம். துருக்கி எல்லையில கபிக்குலேங்கற இடத்துல நடுராத்திரி எல்லாரையும் மூட்டை முடிச்சோட இறக்கி வரிசையில நிக்க வைப்பாங்க. ஸ்வெட்டரைப் பெட்டிக்கு அடியில வைக்காதீங்க. வண்டி ஊருக்கு வெளிய ஹல்கலில நின்னுடும், அங்கேர்ந்து மர்மராய் பிடிச்சா பழைய ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் நின்ன சிர்கெசிக்கே போகலாம்.

தேதி போடுங்கன்னு ஏன் கத்தறேன்னா, நாங்க போனப்ப பல்கேரியால லெவா. 2026 ஜனவரி 1லேர்ந்து யூரோ. துருக்கி எல்லையில பாஸ்போர்ட்ல முத்திரை குத்தினாங்க. அடுத்த மாசமே ஷெங்கன் வெளி எல்லைகள்ல கைரேகை, முகப்படம் எடுக்கற புது முறை வர ஆரம்பிச்சாச்சு. நாலு மாசத்துல என் பயணக் குறிப்புல ரெண்டு விஷயம் பழசாயிடுச்சு.

டிஸ்கி: நாலு பேர் செலவுக் கணக்கும் ஒரே கோப்புல போட்டு வெச்சிருக்கேன், சென்னைப் பையன் மட்டும் "பீர் கணக்கை எடுத்துட்டுக் குடு, அப்பா பாப்பார்"ங்கறான். எடுத்துட்டுத் தர்றேன், வேணுங்கறவங்க கேளுங்க. :-)