மூச்சு முந்தும், எலும்பு பிந்தும்

சென்னையில் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் மாரத்தான் நடக்கிறது. சாலையோரம் நின்று அதைப் பார்த்தவர்களில் சிலர் அடுத்த வாரமே ஓடத் தொடங்குகிறார்கள். மெரினா, பெசன்ட் நகர் கடற்கரை, அண்ணா நகர் டவர் பார்க் என்று எங்கு போனாலும் விடியற்காலையில் புது ஷூவோடு நாலைந்து பேரைப் பார்க்கலாம். பரிசு இவர்கள் நோக்கமல்ல. உடம்பு நன்றாக இருந்தால் போதும் என்று ஓடுகிறார்கள். ஆனால் இவர்களில் பலர் இரண்டு, மூன்று மாதங்களில் கால்வலியோடு நின்றுவிடுகிறார்கள். தங்களுக்கு மன உறுதி போதவில்லை என்று நொந்துகொள்கிறார்கள். பெரும்பாலும் காரணம் வேறு. நம் உடம்பின் பகுதிகள் எல்லாம் ஒரே வேகத்தில் ஓட்டத்துக்குப் பழகுவதில்லை. எது எப்போது பழகுகிறது என்று தெரிந்துகொண்டால், எவ்வளவு ஓடுவது, என்ன சாப்பிடுவது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை எளிதாகும்.

முதலில் மாறுவது இரத்தம். இரத்தத்தில் அணுக்களைத் தவிர்த்த நீர்ப்பகுதிக்குப் பிளாஸ்மா என்று பெயர். தொடர்ந்து ஓடத் தொடங்கிய ஓரிரு வாரங்களிலேயே பிளாஸ்மாவின் அளவு கூடிவிடுகிறது. இதயத்துக்குத் திரும்பி வரும் இரத்தம் அதிகமாகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் அதிக இரத்தத்தை வெளியே தள்ளுகிறது. அதே வேகத்தில் ஓடுவதற்கு இப்போது குறைவான துடிப்பே போதும். முதல் வாரம் தெருமுனை தாண்டுவதற்குள் மூச்சு வாங்கியவர், மூன்றாம் வாரம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஓடுகிறார். ஆபீஸில் மாடிப்படி ஏறினால் இரைப்பதில்லை. ஆபத்து தொடங்கும் இடமும் இதுதான். மூச்சு சொல்வதை நம்பி அவர் தூரத்தைக் கூட்டுகிறார்.

அடுத்து மாறுவது தசை. தசை நார்களுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்புகள் இருக்கின்றன. ஆக்சிஜனைக் கொண்டு உணவுச் சத்தை எரித்து ஆற்றலாக்குவது இவற்றின் வேலை. 1967இல் அமெரிக்க ஆய்வாளர் ஜான் ஹொல்லோசி, வாரக்கணக்கில் ஓடப் பழக்கிய எலிகளின் தசையைச் சோதித்தார். பழகாத எலிகளோடு ஒப்பிட்டால், மைட்டோகாண்ட்ரியாவின் எரிக்கும் திறன் ஏறக்குறைய இரு மடங்காகியிருந்தது. மனிதத் தசையிலும் இவை பெருகும். கூடவே, தசை நார்களைச் சுற்றியுள்ள தந்துகிகளும், அதாவது மிக நுண்ணிய இரத்தக் குழாய்களும், அதிகமாகும். இதற்கு வாரங்கள் பிடிக்கும், மாதங்களும் ஆகலாம். ஆனால் வேகமாக ஓட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நிதானமான ஓட்டமே இந்த மாற்றத்தைத் தூண்டப் போதுமானது.

இதைச் சோதனைக்கூடத்துக்கு வெளியே செய்து காட்டியவர் நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட். ஆக்லாந்தில் செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 800 மீட்டர் ஓடும் பீட்டர் ஸ்னெல்லையும் மாதக்கணக்கில் நெடுந்தூரம் நிதானமாக ஓட வைத்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஸ்னெல் 800 மீட்டரிலும், லிடியார்டின் இன்னொரு மாணவர் மர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும், ஒரே நாளில் தங்கம் வென்றார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது லிடியார்டின் அடுத்த வேலை. உடம்பு தளர்ந்த நடுவயதுக்காரர்களை, மாரடைப்பு வந்து மீண்டவர்கள் உட்பட, மெல்ல ஓடப் பழக்கினார். நியூசிலாந்துக்கு வந்து இதைப் பார்த்த அமெரிக்கப் பயிற்சியாளர் பில் போவர்மன், ஊர் திரும்பியதும் ஓர் இதய மருத்துவரோடு சேர்ந்து மெல்லோட்டத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அது 1967இல் வெளிவந்தது. இன்று பூங்காக்களில் நாம் காணும் மெல்லோட்டம் உலகெங்கும் பரவியதில் அதற்குப் பெரிய பங்குண்டு.

'நிதானம்' எது என்று எப்படி அறிவது? 220இலிருந்து வயதைக் கழித்தால் உச்ச இதயத்துடிப்பு கிடைக்கும் என்பது பலரும் அறிந்த கணக்கு. ஆனால் அது சராசரிதான். ஒருவருக்குப் பத்துத் துடிப்பு கூடவோ குறையவோ இருப்பது சாதாரணம். கடிகாரத்தைவிடப் பேச்சை நம்பலாம். முழு வாக்கியம் ஒன்றைத் திணறாமல் பேச முடிந்தால் அது நிதான ஓட்டம். இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு தேவைப்பட்டால் வேகம் அதிகம். ஸ்டீபன் சைலர் என்ற உடலியல் ஆய்வாளர், நெடுந்தூர விளையாட்டுகளில் உலகத் தரத்தில் உள்ளவர்களின் பயிற்சியைக் கணக்கிட்டுப் பார்த்தார். அவர்களின் பயிற்சியில் சுமார் 80 சதவீதம் நிதானமானதாகவே இருந்தது. புதிதாக ஓடுபவர்கள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக, ஒவ்வொரு நாளையும் பரீட்சை நாளாக்கிவிடுகிறார்கள்.

கடைசியில் பழகுபவை தசைநாணும் எலும்பும். தசையை எலும்போடு இணைக்கும் கெட்டியான பட்டைதான் தசைநாண். குதிகாலுக்கு மேலே கையால் தொட்டு உணரக்கூடியது நம் உடம்பிலேயே தடிமனானது. இதற்கு இரத்த ஓட்டம் குறைவு. புதுப்பித்துக்கொள்ளும் வேகமும் குறைவு. எலும்பின் நிலை இன்னும் நுட்பமானது. எலும்பு தன்னைப் புதுப்பிக்கும் முறை, சாலையைத் தோண்டிவிட்டு மறுபடி போடும் வேலையைப் போன்றது. புதிய பாரம் விழும் இடத்தில் பழைய எலும்பை ஒருவகை அணுக்கள் முதலில் அரித்து எடுக்கின்றன. இதற்குச் சில வாரங்கள் ஆகும். பிறகு வேறுவகை அணுக்கள் புது எலும்பை இட்டு நிரப்புகின்றன. இதற்கு மூன்று மாதத்துக்கு மேலும் ஆகும். நடுவில் ஒரு கட்டத்தில், எலும்பு முன்பைவிடச் சற்றுப் பலம் குறைந்தே நிற்கிறது.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கிலோமீட்டருக்கு 8 நிமிடம் என்ற வேகத்தில் 5 கிலோமீட்டர் ஓட 40 நிமிடம் ஆகும். நிமிடத்துக்கு 160 அடி வைத்தால் மொத்தம் 6,400 அடி. ஒவ்வொரு முறை கால் தரையில் படும்போதும் உடல் எடையைப் போல் இரண்டு மடங்குக்கு மேற்பட்ட விசை காலில் ஏறுகிறது. அரித்து எடுக்கப்பட்டு இன்னும் நிரம்பாத எலும்பின்மேல்தான் இத்தனையும் விழுகிறது. மூச்சோ இதைப்பற்றி எதுவும் சொல்வதில்லை.

வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் தூரத்தைக் கூட்டக் கூடாது என்ற விதியை ஓடுபவர்கள் எல்லோரும் கேட்டிருப்பார்கள். நெதர்லாந்தின் கிரோனிங்கன் நகரில் 500க்கும் மேற்பட்ட புதியவர்களை இரு குழுவாகப் பிரித்து இதைச் சோதித்தார்கள். முடிவு 2008இல் வெளியானது. ஒரு குழு விதிப்படி 13 வாரத்தில் மெல்லக் கூட்டியது. மற்றது 8 வாரத் திட்டத்தில் ஓடியது. இரண்டிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டது. ஆகவே அந்த எண்ணில் மந்திரம் எதுவும் இல்லை. ஓய்வு நாள், உறக்கம், பழைய காயம், உடல் எடை எல்லாம் சேர்ந்தே எலும்பின் நிலையைத் தீர்மானிக்கின்றன.

வலி வந்தால் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை உண்டு. கட்டைவிரலால் முழங்காலுக்குக் கீழே கால் எலும்பின் உள்விளிம்பை மேலிருந்து கணுக்கால் வரை அழுத்திக்கொண்டே வாருங்கள். நாலைந்து விரற்கடை நீளத்துக்குப் பரவலாக வலித்தால், பெரும்பாலும் அது எலும்பை ஒட்டிய திசுக்களின் நோவு. தூரத்தைக் குறைத்தால் ஆறும். ஒரே ஒரு புள்ளியில் சுரீரென்று வலித்தால், அதுவும் இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தால், எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம். ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் போக வேண்டிய வலி அது. தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் இந்த விரிசல் தெரியாமலும் போகலாம்.

இனிச் சாப்பாடு. ஓடத் தொடங்குபவர்களில் பலர் முதல் வேலையாகச் சோற்றைக் குறைக்கிறார்கள். எடை குறைய வேண்டும் என்ற எண்ணம். ஆனால் இரண்டாம் வாரம் எடை பார்க்கும் மெஷினில் ஏறினால் ஒரு கிலோ கூடியிருக்கிறது. இதில் புதிர் ஏதும் இல்லை. சோறு, இட்லி போன்றவற்றின் மாவுச்சத்து, கிளைக்கோஜன் என்ற வடிவில் தசையிலும் கல்லீரலிலும் சேர்கிறது. ஒரு கிராம் கிளைக்கோஜன் சுமார் 3 கிராம் நீரையும் பிடித்து வைக்கிறது. பழகும் தசை அதிகக் கிளைக்கோஜனைச் சேர்க்கிறது, பிளாஸ்மாவும் கூடியிருக்கிறது. ஏறியது கொழுப்பு அல்ல, பெரும்பகுதி நீர். சோற்றைக் கைவிட்டவர்கள் முதல் வாரம் சட்டென்று இரண்டு கிலோ இளைப்பதும் இதே நீர் வெளியேறுவதால்தான்.

ஓட்டம் செலவழிக்கும் ஆற்றலும் நாம் நினைப்பதைவிடக் குறைவு. ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1 கலோரி. 60 கிலோ எடையுள்ளவர் 5 கிலோமீட்டர் ஓடினால் 300 கலோரி. அது ஐந்தாறு இட்லிக்குச் சமம். எனவே ஓடிய களைப்புக்கு ஒரு நெய் ரோஸ்ட் என்று தொடங்கினால் எடை குறையாது. பட்டினி கிடந்து ஓடுவது அதைவிட மோசம். செலவுக்கு ஈடான உணவு நீண்ட நாள் கிடைக்காவிட்டால் உடம்பு சில வேலைகளை நிறுத்திவைக்கிறது. பெண்களுக்கு மாதவிடாய் தவறும். புது எலும்பு உருவாவது குறையும். 2014இல் சர்வதேச ஒலிம்பிக் குழு இந்த நிலைக்குத் தனிப் பெயர் கொடுத்து எச்சரித்தது. ஏற்கெனவே பின்தங்கி நிற்கும் எலும்பை நாமே மேலும் பின்னுக்குத் தள்ளுகிறோம்.

நம் சமையலில் மாவுச்சத்துக்குப் பஞ்சமில்லை; குறைவது புரதம். சாதாரண ஆளுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம் புரதம் போதும். தொடர்ந்து ஓடுபவருக்கு 1.2 கிராமாவது வேண்டும். 60 கிலோ எடைக்கு 72 கிராம். நான்கு இட்லியில் கிடைப்பது எட்டு கிராமைத் தாண்டாது. இதற்காக டப்பாவில் விற்கும் புரத மாவை வாங்க வேண்டியதில்லை. ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 14 கிராம் இருக்கிறது. ஒரு முட்டையில் 6 கிராம். கெட்டியான சாம்பார், தயிர், மீன் என்று மூன்று வேளைக்கும் பங்கிட்டால் கணக்குச் சரியாகிவிடும்.

இரும்புச்சத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. ஓடத் தொடங்கியதும் பிளாஸ்மா கூடுவதால், இருக்கும் ஹீமோகுளோபினும் நீர்த்துச் சற்றுக் குறைவாகவே தெரியும். அது மட்டுமென்றால் கவலையில்லை. உண்மையான குறைபாடா என்று அறிய, உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் சோதனை செய்துகொள்வது நல்லது. டிபன் முடித்த கையோடு காபி, டீ குடிக்கும் பழக்கத்தையும் ஒரு மணி நேரம் தள்ளிவைக்கலாம். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடம்பு உறிஞ்சவிடாமல் அவை தடுக்கின்றன. எலுமிச்சையும் நெல்லிக்காயும் உறிஞ்ச உதவுகின்றன.

ஜனவரியில் தொடங்கியவர் மே மாதத்தை எட்டும்போது இன்னொரு குழப்பம் வரும். நான்கு மாதம் ஓடியும் வேகம் குறைந்துவிட்டதே என்பார். காரணம் வெயில், அதைவிடப் புழுக்கம். ஓடும்போது செலவாகும் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகத்தான் மாறுகிறது. வியர்வை ஆவியானால்தான் அந்த வெப்பம் வெளியேறும். சென்னை விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் உச்சத்தில் இருக்கிறது. வியர்வை ஆவியாகாமல் சொட்டிப் போகிறது. இதயம் காலுக்கும் இரத்தம் அனுப்ப வேண்டும், தோலுக்கும் அனுப்ப வேண்டும். அதே துடிப்புக்கு வேகம் குறைவது இயல்பு. 10 முதல் 14 நாளில் உடம்பு ஓரளவு பழகிக்கொள்ளும்: வியர்வை முன்னதாகவே வரும், அதில் உப்பு குறையும்.

ஓடி முடித்து டி-ஷர்ட் காய்ந்ததும் முதுகில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் தெரிகிறதா என்று பாருங்கள். அது வியர்வையில் வெளியேறிய உப்பு. அத்தகையவர்கள் நீண்ட ஓட்டத்துக்குப் பின் இளநீரை மட்டும் நம்பக் கூடாது. அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் அதிகம் இழப்பது சோடியத்தை. உப்புப் போட்ட நீர்மோர் இன்னும் பொருத்தம். ஒரு மணி நேரத்துக்குக் குறைந்த ஓட்டத்தின் நடுவே எதுவும் குடிக்காவிட்டாலும் பெரும்பாலோருக்குக் கேடில்லை. அளவுக்கு மீறிக் குடிப்பதில்தான் கேடு. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் இரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடும் அளவுக்குக் குடித்தவர்களே அதிகம் பாதிக்கப்பட்டிருந்தார்கள். தாகத்துக்குக் குடித்தால் போதும்.

சர்க்கரை நோய்க்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருந்து எடுப்பவர்களும், நெஞ்சில் அழுத்தம் உணர்ந்தவர்களும் முதல் நாள் ஓடுவதற்கு முன்பே மருத்துவரைப் பார்ப்பது நல்லது. மற்றவர்களுக்கு என் யோசனை இதுதான். முதல் நான்கு மாதம் வாரத்துக்கு மூன்று நாள், பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில், தெம்பு மிச்சமிருக்கும்போதே நிறுத்திக்கொள்ளலாம். கோடையில் தூரத்தை விட்டுவிட்டு நேரத்தைக் கணக்கில் வைக்கலாம். ஜூலைக்குப் பிறகு தூரத்தைக் கூட்டினால், வடகிழக்குப் பருவமழை வந்து சாலையில் தண்ணீர் நிற்கும் சில வாரங்கள் போனாலும், ஜனவரியில் 10 கிலோமீட்டர் ஓட எலும்பும் தயாராகியிருக்கும். அரை மாரத்தானின் 21 கிலோமீட்டரைப் பெரும்பாலோர் அதற்கடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்வது நல்லது என்று நினைக்கிறேன்.