பல்லை அடைக்கும் பொருள் உடலுக்கு ஏற்றதா?

சொத்தைப் பல்லை அடைக்க வேண்டும் என்று மருத்துவர் கூறும்போது, "அந்தப் பொருள் உடலுக்குக் கேடு செய்யாதா?" என்ற ஐயம் உங்களுக்கு எழக்கூடும். பல ஆண்டுகள் வாய்க்குள் இருக்கப்போகும் பொருளைக் குறித்து இப்படிக் கேட்பது நியாயமே.

இக்கேள்வியை ஆராயும் இடம் ஒன்று திருவனந்தபுரத்திலேயே உள்ளது. ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனத்தின் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு பூஜப்புராவில் இயங்குகிறது. 1990ஆம் ஆண்டு நோயாளி ஒருவருக்கு முதன்முதலாகப் பொருத்தப்பட்ட சித்திரா இதய வால்வை உருவாக்கியது இந்நிறுவனமே. பல் அடைக்கும் பொருள்களை உருவாக்கும் ஆய்வும், அவை உயிரணுக்களுக்குத் தீங்கு செய்கின்றனவா என்று பார்க்கும் ஆய்வும் இங்கு நடைபெற்றுள்ளன.

பல்லின் நிறத்திலுள்ள அடைப்பு, பசையாக வைக்கப்பட்டு, நீல ஒளியினால் கெட்டியாக்கப்படுகிறது. எனினும் அது முழுவதும் கெட்டியாவதில்லை. மிஞ்சிய மூலப்பொருள் சிறிதளவு கசியக்கூடும். நம் உயிரணுக்களில் குளூட்டாதயோன் என்னும் காவற்பொருள் உண்டு. கசிந்த பொருள் அதைக் குறைத்துவிட்டால், உயிரணுவைத் தாக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகும். இதுவே ஆக்சிஜனேற்ற அழுத்தம். ஆயினும் ஆய்வுக்கூடத்தில் உயிரணுக்கள்மேல் நேரடியாக இடும்போது காணும் விளைவு, வாயில் அப்படியே நிகழ்வதில்லை. கசிவின் பெரும்பகுதி முதல் சில நாட்களிலேயே நின்றுவிடுகிறது. உமிழ்நீரும் அதை நீர்க்கச் செய்கிறது.

கசிவைக் குறைப்பது மருத்துவரின் கைப்பக்குவம். ஆழமான குழியை ஒரேயடியாக நிரப்பாமல், வழக்கமான பசையாயின் சுமார் 2 மில்லிமீட்டர் அடுக்குகளாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் போதிய ஒளி காட்ட வேண்டும். அவசரப்படுத்தாதீர்கள், பொறுமையாய் வாயைத் திறந்திருங்கள்.

வெள்ளி அடைப்பில் ஏறத்தாழப் பாதி பாதரசம். 15 வயதுக்குட்பட்டோர், கருவுற்றோர், பாலூட்டுவோர் ஆகியோருக்கு அதைத் தவிர்க்கும்படி 2022ஆம் ஆண்டு மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் முடிவு செய்தன. ஆனால் முன்பே வைத்த வெள்ளி அடைப்பு நன்றாக இருந்தால், அச்சத்தினால் அதை அகற்றச் சொல்லாதீர்கள். குடைந்து எடுக்கும்போதுதான் பாதரச ஆவி மிகுதியாய் வெளிப்படும். ஒவ்வாமை இருந்தால் மட்டும் மருத்துவரோடு ஆலோசியுங்கள்.

அடைப்புக்கு அஞ்சிச் சொத்தையை விட்டுவைப்பதே பெரிய ஆபத்து. அது நரம்புவரை சென்று சீழ்பிடித்தால், தாடையும் முகமும் வீங்கும், செலவும் பன்மடங்காகும். தனியார் மருத்துவமனைக்குச் செல்லப் பொருள் வசதி இல்லாதவர்கள், மருத்துவக் கல்லூரி வளாகத்திலுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியை அணுகலாம். வலி வருமுன்னே செல்லுங்கள்.