வீட்டுக்காரர் குடிவருகிறாராம்!

“நானே குடிவரப் போகிறேன், வீட்டைக் காலி செய்!” இந்த ஒரு வரி போதுமாம். வாடகைக்குக் குடியிருப்போன் வாய்பொத்தி, பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு வீதிக்கு வந்துவிட வேண்டுமாம். உடைமை படைத்தோர் ஊரெங்கும் வகுத்து வைத்திருக்கும் எழுதாச் சட்டம் இது!

சொந்த வீட்டில் குடியேற உரிமை இல்லையா என்று கேட்பார்கள். உண்டு, தாராளமாக உண்டு! உண்மையாகவே குடியேற வருகிறவரை நாம் மறிக்கவில்லை. மகன் வருகிறான், மருமகள் வருகிறாள் என்று கதை கட்டிக் குடியிருப்போனை வெளியேற்றிவிட்டு, மறுமாதமே இருமடங்கு வாடகைக்கு வேறொருவரை ஏற்றும் வஞ்சகத்தைத்தான் சாடுகிறோம். தேவை உண்டெனில் மெய்ப்பிக்கட்டும்! வாய் சொன்னதெல்லாம் வாய்மையாகிவிடுமோ?

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவைப் பாருங்கள், தோழர்களே! செல்வம் கொழிக்கும் நகரம். அங்கே 1979 முதல் வாடகைக் கட்டுப்பாடு உண்டு. குடியிருப்போனுக்கு ஆண்டுதோறும் இவ்வளவுதான் ஏற்றலாம் என வரம்பு. அவன் தானாகப் போய்விட்டாலோ புதிதாய் வருவோனிடம் கேட்கும் வாடகைக்கு வரம்பில்லை. இருக்கும்வரை பழைய வாடகை, வெளியேறினால் பணமழை! “நானே குடிவருகிறேன்” என்ற பொய் பிறந்த தொட்டில் இதுதான்.

அந்தப் பொய்க்கு மக்கள் கடிவாளம் பூட்டினர். 1998இல் வாக்குச்சீட்டின் வழியே விதிகளை இறுக்கினர். வெளியேற்றிய உரிமையாளர் 3 மாதத்திற்குள் குடியேற வேண்டும். தொடர்ந்து 36 மாதம் அதையே தம் முதன்மை இல்லமாகக் கொண்டு வாழும் நேர்மையான எண்ணம் அவருக்கு இருக்க வேண்டும். 60 வயது நிரம்பி, 10 ஆண்டு அங்கேயே வாழ்ந்த முதியவரை, சில விலக்குகள் தவிர, இக்காரணம் காட்டி அசைக்க இயலாது. 2017இல் விதிகள் மேலும் இறுகின. குடியேறியதை ஆவணங்களோடு உறுதிமொழியின் பேரில் தெரிவிக்க வேண்டும். 5 ஆண்டுக்குள் மீண்டும் வாடகைக்கு விடுவதானால், வெளியேற்றப்பட்டவரையே முதலில் அழைக்க வேண்டும். வாடகையும் பழைய கணக்குப்படிதான்!

ஆனால் சட்டம் உறையிலிட்ட வாள். எடுப்பார் இல்லையேல் துருப்பிடிக்கும். அங்கே விழிப்புற்ற குடியிருப்போர் என்ன செய்கின்றனர்? வாய்ச்சொல்லுக்கு வெளியேறுவதில்லை, எழுத்து மூலமான அறிவிப்பைக் கேட்கின்றனர். ஓராண்டுக்கு மேல் குடியிருந்தோர்க்கு 60 நாள் தவணை உண்டென அறிந்திருக்கின்றனர். வாடகை பாக்கி என்ற புதுப் பழிக்கு இடந்தராமல் மாதந்தோறும் செலுத்தி, ரசீதைப் பத்திரப்படுத்துகின்றனர். நீதிமன்றத் தாள் கைக்கு வந்தால் 10 வேலை நாட்களுக்குள் பதில் தருகின்றனர். 2018இல் வாக்களித்துப் பெற்ற உரிமையால், வெளியேற்ற வழக்கை எதிர்கொள்வோர்க்கு நகரமே வழக்கறிஞரை அளிக்கிறது. வெளியேறிய பின்னும் அவர்கள் அந்த வாசலை மறப்பதில்லை. குடியேறியவர் உரிமையாளர்தானா, அன்றிக் கூடுதல் வாடகை தரும் வேற்றாளா என்று கண்காணிக்கின்றனர். பொய் பிடிபட்டால் இழப்பைப் போல் மும்மடங்கு ஈட்டுத்தொகை!

சான் பிரான்சிஸ்கோ நமக்குத் தொலைவு. அந்தப் பொய் தொலைவில் இல்லை. தமிழ்நாட்டின் 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், சொந்தக் குடியிருப்புக்கு வீடு கேட்போரின் தேவை நேர்மையானதா என்று ஆராயப் பணித்தது. 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் அதனை அகற்றிற்று. சொந்தத் தேவை புதிய சட்டத்திலும் ஒரு காரணம்தான். ஆயினும் அதை வாடகை நீதிமன்றத்தின்முன் சொல்லி ஆணை பெற வேண்டும். வீட்டுக்காரரின் அதட்டல் ஆணையாகாது! எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லாமையும் வெளியேற்றத்திற்குக் காரணமாக்கப்படலாம். ஆகவே ஒப்பந்தம் கேளுங்கள். அதைப் பதிவு செய்யுங்கள்.

கிளைத் தோழர்களே! உங்கள் தெருவில் ஒரு குடும்பம் இந்த ஒற்றை வரிக்கு அஞ்சி மூட்டை கட்டுமானால், அந்த வாசலில் போய் நில்லுங்கள். அறிவிப்பு எங்கே, ஆணை எங்கே என்று கேளுங்கள். தனியொருவன் கேட்டால் முணுமுணுப்பு. தெருவே கேட்டால் முழக்கம்! ஆணை பெற்றே வெளியேற்றினாலும் அத்தோடு விட்டுவிடாதீர்கள். சில திங்கள் கழித்து அதே வாசலுக்குச் சென்று கேளுங்கள்: “வருகிறேன் என்றீரே, வந்தீரா?”