அழிக்கும் முன் ஒரு கேள்வி



அண்மையில் நம் வாசகி ஒருவரைச் சந்தித்தோம். அவர் முகத்தில் வாட்டம் தென்பட்டது. மகளின் திருமணத்தன்று கைப்பேசியில் எடுத்த படங்களை வீட்டுக் கணினிக்கு மாற்றினாராம். எல்லாம் மாறிவிட்டன என்று எண்ணிக் கைப்பேசியில் இருந்தவற்றை அழித்தும் விட்டாராம். பின்னர் கணினியில் பார்த்தபோது பாதிப் படங்கள் திறக்கவே இல்லை. "ஒரே அறைக்குள் இருக்கும் இரு கருவிகளுக்கு இடையிலேயே இப்படி நேர்கிறதே, கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து விண்கலங்கள் அனுப்பும் படங்கள் மட்டும் எவ்வாறு முழுமையாக வந்து சேருகின்றன?" என்று கேட்டார். வருத்தத்தில் பிறந்த கேள்வியாயினும் மிக நல்ல கேள்வி. அதற்கு விடை காண்பதே இத்திங்கள் நம் முயற்சி.

முதலில் ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டும். விண்கலத்திலிருந்து படம் படமாக வருவதில்லை, எண்களாகவே வருகிறது. ஒவ்வொரு புள்ளியின் ஒளி அளவும் ஓர் எண். அந்த எண் 0, 1 என்னும் இரண்டே குறிகளால் எழுதப்படுகிறது. இக்குறி ஒவ்வொன்றையும் 'பிட்' என்பர். கோடிக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வரும் வானொலி அலை நம்மை அடையும்போது மிக மிக மெலிந்து போகிறது. அதைப் பிடிப்பதற்கென்றே அமெரிக்காவின் கலிபோர்னியாவிலும், ஸ்பெயின் நாட்டில் மாட்ரிட் அருகிலும், ஆஸ்திரேலியாவில் கான்பெரா அருகிலும் 70 மீட்டர் விட்டமுள்ள மாபெரும் வானலை வாங்கிகள் அமைக்கப்பட்டுள்ளன. பூமி சுழலச் சுழல ஒன்றன் பார்வையிலிருந்து மறையும் கலத்தை மற்றொன்று ஏற்றுக்கொள்ளும். நம் நாட்டிலும் பெங்களூருக்கு அருகில் பயலாலு என்னும் ஊரில் 32 மீட்டர் வாங்கி ஒன்று உண்டு. 2008இல் சந்திரயானும், 2013இல் புறப்பட்ட மங்கள்யானும் அதனோடு பேசியவையே.

இனி, சற்றுப் பின்னோக்கிச் செல்வோம். 1965 சூலைத் திங்களில் மாரினர் 4 என்னும் கலம் செவ்வாய்க் கோளைக் கடந்து சென்றது. அது எடுத்தவை 21 முழுப் படங்களும், 22ஆவது படத்தின் ஒரு பகுதியுமே. ஒரு படத்தில் 2,40,000 பிட்டுகள். கலத்தால் அனுப்ப முடிந்ததோ நொடிக்கு எட்டு பிட்டுக்குச் சற்று மேல். ஆகவே ஒரு படம் வந்து சேர ஏறத்தாழ எட்டு மணி நேரம் பிடித்தது! கலத்திலிருந்த ஒலிநாடா போன்ற பதிவு நாடாவில் படங்கள் பத்திரமாக இருந்தன. ஒரு முறை அனுப்பியது பழுதின்றி வந்ததோ இல்லையோ என்னும் ஐயத்தைப் போக்க, அறிஞர்கள் எளிய வழியொன்றைக் கைக்கொண்டனர்: அனைத்தையும் இரண்டு முறை அனுப்பச் செய்தனர். முதல் முறை கெட்ட இடம் இரண்டாம் முறையும் கெடுவது அரிதன்றோ!

ஆனால் படங்கள் பெருகப் பெருக, எல்லாவற்றையும் இரு முறை அனுப்புவது கட்டுப்படியாகாது. 1971இல் செவ்வாயைச் சுற்றிய மாரினர் 9 வேறொரு வழியைக் கையாண்டது. ஆறு பிட்டுச் செய்தியை 32 பிட்டாக விரித்து அனுப்பியது. அந்த 32இல் ஏழு வரை வழியில் மாறிப் போயினும், மூலச் செய்தி இன்னதென்று கணக்கிட்டு அறிய முடிந்தது. எழுத்து சிதைந்த மடலை முன்பின் சொற்களைக் கொண்டு நாம் படித்து விடுகிறோமே, அது போல என்க.

எனினும், மடலின் ஒரு தாளே காணாமற் போனால் என் செய்வது? வாங்கி இருக்குமிடத்தில் கடும் மழை பெய்யலாம்; கலம் ஒரு கோளின் பின்னே மறையலாம். அப்போது சில எழுத்துகள் அல்ல, முழுத் துண்டுகளே தொலைந்து போகும்.

'ஒவ்வொரு துண்டையும் அனுப்பி, கிடைத்தது என்ற விடை வந்தபின் அடுத்ததை அனுப்பலாமே' என்று நீங்கள் எண்ணலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். நியூ ஹொரைசன்ஸ் என்னும் கலம் 2015 சூலை 14 அன்று புளூட்டோவைக் கடந்தபோது நம்மிடமிருந்து ஏறத்தாழ 477 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. அதன் செய்தி இங்கு வர நாலரை மணி நேரம். நம் விடை அங்குச் செல்ல நாலரை மணி நேரம். அது திரட்டியது 5,000 கோடி பிட்டுகள். ஆயிரம் எழுத்தளவுள்ள துண்டுகளாக வெட்டினால் அறுபத்திரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்பது மணி நேரம் காத்திருந்தால், ஆறாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிடும்!

இச்சிக்கலைத் தீர்க்கப் பல நாட்டு விண்வெளி நிறுவனங்கள் கூடி வகுத்த நெறிமுறை ஒன்று 2002இல் வெளியாயிற்று. 'சி.எஃப்.டி.பி.' என்பது அதன் சுருக்கப் பெயர். பெயர் புதிதாயினும் முறை நம் வீட்டுப் பெரியவர்களுக்குப் பழக்கமானதே.

அனுப்புகின்ற கலம், 'இன்ன பெயருள்ள கோப்பு வருகிறது' என்று முதலில் அறிவிக்கிறது. பின்னர் கோப்பைத் துண்டு துண்டாக அனுப்புகிறது. ஒவ்வொரு துண்டின் நெற்றியிலும், அது கோப்பில் எந்த இடத்தைச் சேர்ந்தது என்பது எழுதப்பட்டிருக்கும். ஆகவே துண்டுகள் முன்பின்னாக வந்தாலும் குழப்பமில்லை. விடைக்காகக் கலம் காத்து நிற்பதுமில்லை. எல்லாம் அனுப்பியபின், 'முடிந்தது. மொத்த அளவு இவ்வளவு. எண்களைக் கூட்டினால் வரும் தொகை இது' என்று சொல்லிவிட்டு அடுத்த கோப்பைத் தொடங்கிவிடும்.

பூமியில் உள்ளவர்கள் வந்தவற்றை அடுக்கிப் பார்ப்பர். இடைவெளி இருந்தால், 'கிடைத்தது, கிடைத்தது' என்று ஒவ்வொன்றுக்கும் சொல்லிக் கொண்டிராமல், கிடைக்காதவற்றை மட்டும் பட்டியலிட்டு அனுப்புவர். கலம் அவற்றை மட்டும் மீண்டும் அனுப்பும். திருமணச் சீர்வரிசைப் பட்டியலைக் கையில் வைத்துக் கொண்டு, குறைகின்ற பொருளை மட்டும் கேட்டு வாங்குவது போன்றதே இது. இடையில் தொடர்பு அறுந்தால் இரு பக்கமும் கடிகாரத்தை நிறுத்தி வைத்துவிட்டு, தொடர்பு மீண்டதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம்.

எல்லாம் நிறைந்து, கூட்டுத்தொகையும் ஒத்துப் போனபின் பூமியிலிருந்து, 'முழுமையாகப் பெற்றோம்' என்னும் சொல் செல்லும். அது வந்த பிறகே கலம் தன்னிடமுள்ள மூலத்தை அழிக்கலாம். அதற்கு முன் அழித்தால் மீட்க வழியில்லை. 2011 முதல் 2015 வரை புதன் கோளைச் சுற்றி இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை அனுப்பிய மெசஞ்சர் கலம், இந்நெறிமுறையைத் தொடக்கக் காலத்திலேயே கையாண்ட கலங்களுள் ஒன்று.

திருப்பிக் கேட்க வழியில்லாத இடத்தில் என்ன நேரும் என்பதற்கும் சான்று உண்டு. ஐரோப்பியரின் ஹைகன்ஸ் கலம் 2005 சனவரி 14 அன்று சனிக் கோளின் துணைக்கோளாகிய டைட்டனில் இறங்கியது. அது காசினி என்னும் தாய்க்கலத்துக்கு இரண்டு வழிகளில் பேசியது. பெரும்பாலான செய்திகள் இரு வழிகளிலும் சென்றன. ஆனால் படங்கள் நிறையக் கிடைக்க வேண்டும் என்னும் ஆவலால், படங்களை மட்டும் இரு வழிகளுக்கும் பங்கிட்டு விட்டனர். காசினிக்குத் தந்த கட்டளைகளில் ஒன்று விடுபட்டுப் போயிற்று. அதனால் ஒரு வழி செவிடாயிற்று. ஏறத்தாழ 700 படங்களில் பாதியே கிட்டின. ஹைகன்ஸோ, தன் சொல் கேட்கப்படவில்லை என்பதை அறியாமலே பேசிக் கொண்டிருந்தது. கேட்டிருந்தாலும், அதன் மின்கலம் அடங்கும் முன் மீண்டும் சொல்ல நேரமில்லை. காற்றின் வேகத்தை அளக்கும் ஆய்வும் அந்த வழியையே நம்பியிருந்தது. பூமியிலிருந்த வானொலித் தொலைநோக்கிகள் அந்த மெல்லிய அலையை நேரே பிடித்தமையால் அந்த ஆய்வு மட்டும் பிழைத்தது. இழந்த படங்கள் இழந்தவையே. பெரும் அறிஞர்களும் தவறுவர் என்பதை அறியும்போது, நம் வாசகியின் மனமும் சற்று ஆறுதல் கொள்ளும் அன்றோ?

இப்போது மீண்டும் நியூ ஹொரைசன்ஸுக்கு வருவோம். புளூட்டோவை அது கடந்தது ஒரே முறை. திரும்பிச் சென்று மறுபடியும் படமெடுக்க இயலாது. கருவிகள் அதன் உடலோடு பொருத்தப்பட்டிருந்தமையால், புளூட்டோவை நோக்கும் போது பூமியை நோக்கிப் பேச இயலவில்லை. எனவே முதலில் எல்லாவற்றையும் தன் நினைவகத்தில் சேர்த்து வைத்தது. பின்னர் நொடிக்கு ஓராயிரம், ஈராயிரம் பிட்டுகள் என்னும் மெல்லிய ஓட்டத்தில் அனுப்பத் தொடங்கியது. முதன்மையானவற்றைச் சுருக்கி முதலிலும், முழு வடிவத்தைப் பின்னரும் அனுப்பியது. கடைசித் துண்டு கான்பெராவில் உள்ள நிலையம் வழியாக 2016 அக்டோபர் 25 அன்று வந்து சேர்ந்தது. சில மணி நேரச் சந்திப்பைச் சொல்லி முடிக்கப் பதினைந்து திங்களுக்கு மேல் ஆயிற்று!

அதன் பின்னும் அவர்கள் அவசரப்படவில்லை. வந்தவை அனைத்தும் சரிதானா என்று இறுதியாக ஒரு முறை சரிபார்த்த பிறகே, கலத்தின் இரு பதிவுக் கருவிகளையும் துடைப்பது என்று முடிவு செய்திருந்தனர். பதினைந்து திங்கள் பொறுத்தவர்களுக்கு இன்னும் சில நாள் பொறுப்பது பெரிதாகத் தோன்றவில்லை.

நம் இல்லங்களுக்கும் இதில் பாடம் உண்டு. படங்களை வேறிடத்துக்கு மாற்றினால், எண்ணிக்கை ஒத்துள்ளதா என்று பாருங்கள். ஒவ்வொரு கோப்பின் அளவும் ஒத்துள்ளதா என்று நோக்குங்கள். சிலவற்றையேனும் திறந்து பாருங்கள். மற்றோரிடத்தில் இரண்டாவது நகல் ஒன்றையும் வையுங்கள். அதன் பின்னரே மூலத்தை அழியுங்கள். 'அனுப்பிவிட்டேன்' என்பது பாதி வேலைதான். 'பெற்றுக் கொண்டேன்' என்னும் விடை வந்தால்தான் வேலை முடிந்தது.

அந்த வாசகிக்கு ஒரு சொல்: திருமணத்துக்கு வந்த உறவினர் பலரும் படம் எடுத்திருப்பார்கள். காற்றின் வேகத்தைப் பூமியிலிருந்து பிடித்தவர்களைப் போல, விடுபட்டவற்றைப் பட்டியலிட்டு அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பாதியேனும் திரும்பக் கூடும்.