நிலக்கரிக்கு எத்தனை நாள் தவணை?

அனல்மின் நிலையங்களை நாளைக்கே இழுத்து மூட வேண்டும் என்போரும் நம்மிடையே உண்டு. அவர்களோடு நமக்கு வழக்கில்லை. அவர்கள் சொல்லை எவரும் கேட்கப்போவதுமில்லை. "கதிரவனும் காற்றும் கைகொடுக்கும்வரை கரி தேவை" என்று கூறிவிட்டு, அதன்பின் எந்தக் கேள்விக்கும் இடமில்லை என்று வாயடைக்கும் பெரியோரோடுதான் நம் வழக்கு.

அவர்கள் கூற்று பொய்யன்று. 2024 மே 2 ஆம் நாள் தமிழகத்தின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. நம் காற்றாலைகளின் நிறுவுதிறன் 10,000 மெகாவாட்டைக் கடந்துவிட்டது என்றாலும், முப்பந்தலில் காற்று வலுத்து வீசுவது மே முதல் செப்டம்பர் வரையே. வெயிலோ, வீடுதோறும் விளக்கேற்றும் வேளையில் விடைபெறுகிறது. (நம் திருவிழா மின்னலங்காரங்களும் அந்த வேளையில்தான் எரிகின்றன என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.) அந்த இடைவெளியை இன்று பெரும்பாலும் நிரப்புவது கரியே. திருத்தந்தை பிரான்சிஸ் 2015 இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' திருமடலும், நிலக்கரியைக் காலந்தாழ்த்தாது படிப்படியாக விலக்கக் கோருகின்ற அதே இடத்தில், மாற்று வழிகள் வளரும்வரை தீங்கு குறைந்த வழியையோ குறுகிய காலத் தீர்வையோ நாடுவது முறையே என்கிறது.

குறுகிய காலம் என்பதைத்தான் நம் பெரியோர் வசதியாக மறந்துவிடுகின்றனர். எண்ணூரில் 450 மெகாவாட் பழைய நிலையம் 2017 இல் மூடப்பட்டது. 2024 மார்ச்சில் அதே வட்டாரத்தில் 800 மெகாவாட் புதிய அலகு திறக்கப்பட்டது. உடன்குடிக்கு 660 மெகாவாட் அலகுகள் இரண்டு. அவற்றிற்குக் கரி இறக்கக் கல்லாமொழிக் கடலுக்குள் நெடுந்தூரம் நீளும் இறங்குதுறை. இத்தகைய நிலையம் போட்ட முதலை மீட்கவே பல பத்தாண்டுகள் ஓடியாக வேண்டும். இரண்டு நாள் விருந்தாளிக்கு யாரேனும் மச்சு வீடு கட்டுவதுண்டோ?

இடைக்காலத்தில் கரியின் பணி நண்பகலில் தாழ்ந்து, மாலையில் எழுந்து நிற்பது. அதற்காகவே மத்திய மின்சார ஆணையம் 2023 இல் விதி வகுத்து, அலகுகள் தம் திறனில் 55 விழுக்காடு வரையும், பின்னர்ப் படிப்படியாக 40 விழுக்காடு வரையும் இறங்கி ஓட வேண்டும் என்றது. கொதிகலன் அடிக்கடி சூடேறித் தணிந்தால் அதன் உலோகம் தளரும். தூத்துக்குடியின் 210 மெகாவாட் அலகுகள் ஐந்தில் மூன்று 1979 முதல் 1982 வரை தொடங்கப்பட்டவை. அந்த முதுமையிடம் இப்பயிற்சியைக் கேட்பது எளிதன்று.

மேலும், தேவை என்ற சொல் பாவப் பொறுத்தல் ஆகிவிட்டது. கந்தக டை ஆக்சைடைக் கட்டுப்படுத்த மத்திய அரசு 2015 டிசம்பரில் வரம்பு விதித்தது. 2017 எனக் குறித்த கெடு திரும்பத் திரும்ப நீண்டது. 2025 ஜூலையில் ஏறத்தாழ 78 விழுக்காடு அலகுகளுக்கு விலக்கே அளிக்கப்பட்டது. இந்தியக் கரியில் கந்தகம் குறைவு என்பது வாதம். குறைவுதான்; எரிக்கும் அளவு குறைவா? மனத்துயரும் பிரதிக்கினையும் இன்றிப் பாவப் பொறுத்தல் இல்லை என்பதை நம் ஞானோபதேச வகுப்புச் சிறுவனும் அறிவான். கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்து, வலைவீசிய இடம் சேறாகிப்போன மீனவரிடம் போய் இந்த விலக்கின் நியாயத்தை விளக்கட்டும்.

சிறிய தீமையைப் பொறுக்கலாம் என்று கற்பிக்கும் அறநெறி இறையியல், அதை ஒரே சாராரின் தலையில் சுமத்தலாகாது என்றும், மாற்று கைக்கெட்டியபின் தொடரலாகாது என்றும் சேர்த்தே கற்பிக்கிறது. மாற்று எட்டாக்கனியுமன்று. கோவை மாவட்டம் காடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் 1980 களின் இறுதியிலிருந்தே மிகுமின்சாரத்தால் நீரை மேலேற்றி, தேவைப்படும் வேளையில் இறக்கி மின்சாரம் தருகிறது. மின்கலத் தொகுதிகளும் இன்று அப்பணிக்கு வந்துவிட்டன.

ஆகவே நாம் கேட்பது இவை: ஒவ்வொரு அலகும் ஓயும் ஆண்டை அரசு எழுத்தில் அறிவிக்கட்டும்; அதுவரை ஓடுபவை புகைக்கும் சாம்பலுக்கும் கணக்குக் கொடுக்கட்டும்; ஒப்பந்தத் தொழிலாளரின் மறுவாழ்வுக்கு இப்போதே நிதி ஒதுக்கப்படட்டும். தூத்துக்குடியின் மூன்று பழைய அலகுகளிலிருந்தே தொடங்கலாம்.