நாய்க்குச் சோறா, நம்பருக்குச் சோறா?

ஆறு கிலோ பொமரேனியன் ஒன்றுக்கு உலர் உணவு வாங்கக் கடைக்குப் போகிறவர் முதலில் பார்ப்பது எதை? விலையை அல்ல. பையின் முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும் புரத சதவீதத்தை. 24 என்று போட்ட பையை விட 32 என்று போட்ட பை உசத்தி. 38 என்றால் கேட்கவே வேண்டாம், சாட்சாத் தேவாமிர்தம்! "எங்க வீட்டு நாய் ரொம்ப சுறுசுறுப்புங்க, ஒரு இடத்துல நிக்காது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கடைக்காரரின் கை தானாக மேல் தட்டுக்குப் போய்விடும்.

அந்த எண் பொய்யில்லை. ஆனால் வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்விக்கு அது பதிலும் இல்லை. வியாபாரமே அந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

முதலில், அந்த எண் எப்படி வருகிறது? 'க்ரூட் புரோட்டீன்' என்று பையில் இருப்பது நேரடியாக அளந்த புரதம் அல்ல. 1883-ல் டென்மார்க்கின் யோகான் கெல்டால் கண்டுபிடித்த முறையில் உணவிலுள்ள நைட்ரஜனை அளக்கிறார்கள். அதை 6.25-ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதுகிறார்கள். நைட்ரஜன் கோழிக்கறியிலிருந்து வந்ததா, இறகிலிருந்து வந்ததா, பட்டாணியிலிருந்து வந்ததா என்று இந்தக் கணக்குக்குத் தெரியாது. நாயின் வயிற்றில் எவ்வளவு செரிக்கும் என்பதும் தெரியாது.

இது வெறும் தியரி அல்ல. மார்ச் 2007-ல் வட அமெரிக்காவில் மெனு ஃபுட்ஸ் நிறுவனம் நாய், பூனைகளுக்கான சுமார் 6 கோடி டின்களையும் பவுச்சுகளையும் திரும்பப் பெற்றது. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமின் கலந்திருந்தது. மெலமின் பிளாஸ்டிக் தயாரிக்க உதவும் பொருள். அதில் நைட்ரஜன் ஏராளம், அதனால் பரிசோதனையில் 'புரதம்' ஏறும். சிறுநீரகம் செயலிழந்து நாய்களும் பூனைகளும் செத்தன. அடுத்த ஆண்டே, 2008-ல், அதே தந்திரம் சீனாவில் குழந்தைகளின் பால்மாவில் நடந்தது. சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், 6 குழந்தைகள் இறந்தார்கள். ஒரு எண்ணை மட்டும் கும்பிட்டால், அந்த எண்ணை ஏற்ற யாராவது வழி கண்டுபிடிப்பார்கள்.

எல்லா நிறுவனமும் அப்படியா? இல்லை. பெரும்பாலானவை நேர்மையாகவே அளக்கின்றன என்று வையுங்கள். அப்போதும் கணக்கு இடிக்கிறது. எப்படி?

பை 'அ': புரதம் 24%, 100 கிராமில் 350 கலோரி, கிலோ 400 ரூபாய்.
பை 'ஆ': புரதம் 32%, 100 கிராமில் 400 கலோரி, கிலோ 900 ரூபாய்.

(விலை உதாரணத்துக்குத்தான். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்.)

முன்பக்கத்தைப் பார்த்தால் 'ஆ'வில் மூன்றில் ஒரு பங்கு புரதம் அதிகம். ஆனால் எந்த நாயும் சதவீதத்தைச் சாப்பிடுவதில்லை, கலோரிக்குத்தான் சாப்பிடுகிறது. புரதம் ஏறும் பைகளில் வழக்கமாகக் கொழுப்பும் ஏறும், கூடவே கலோரியும் ஏறும். 1000 கலோரிக்கு எவ்வளவு புரதம் என்று பார்த்தால் 'அ'வில் 69 கிராம், 'ஆ'வில் 80 கிராம். 33 சதவீத வித்தியாசம் 17 சதவீதமாகச் சுருங்கிவிட்டது.

6 கிலோ நாய்க்கு, கால்நடை மருத்துவர்கள் பயன்படுத்தும் வழக்கமான சூத்திரப்படி, ஒரு நாளைக்குச் சுமார் 430 கலோரி போதும். 'அ' என்றால் 123 கிராம், செலவு 49 ரூபாய், கிடைக்கும் புரதம் 29 கிராம். 'ஆ' என்றால் 107 கிராம், செலவு 97 ரூபாய், புரதம் 34 கிராம். ஆக, கூடுதலாக 5 கிராம் புரதத்துக்கு 48 ரூபாய்! ஒரு கோழிமுட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது. வருடக் கணக்கில் 17,000 ரூபாய்க்கு மேல். சில கல்லூரிகளில் ஒரு செமஸ்டர் கட்டணமே அவ்வளவுதான் :)

சரி, அந்த 5 கிராமாவது தேவையா? அமெரிக்காவின் நேஷனல் ரிசர்ச் கவுன்சில் 2006-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி, 6 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 13 கிராம். இன்னும் கறாரான ஆஃப்கோ குறைந்தபட்ச அளவுப்படி பார்த்தாலும் 19 கிராம்தான். இரண்டு பையுமே அதைத் தாண்டிவிட்டன.

"அது சும்மா படுத்துக் கிடக்கும் நாய்க்கு. சுறுசுறுப்பான நாய்க்கு?" என்பார்கள். அங்கேதான் வேடிக்கை. அதிகம் ஓடும் நாய் அதிகம் சாப்பிடும். 430 கலோரி 530 ஆகும்போது, 'அ' பையிலிருந்தே 36 கிராம் புரதம் உள்ளே போய்விடும். பையை மாற்ற வேண்டாம், கிண்ணத்தில் ஒரு கைப்பிடி கூட்டினால் போதும். அலாஸ்காவில் பல நாட்கள் பனியில் வண்டி இழுக்கும் பந்தய நாய்களுக்கு 10,000 கலோரி வரை ஆகும், அவற்றுக்குக் கூடுதல் புரதம் வேண்டும் என்பது நியாயம். பால்கனியில் காக்கையைத் துரத்தும் நாய்க்கு அந்த நியாயம் பொருந்துமா?

பையின் மேல் ஓநாய் படம் போட்டு 'மூதாதையர் உணவு' என்று விற்பது இன்னொரு கூத்து. 2013-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு, மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுப் பிரதிகள் ஓநாயை விட நாயிடம் பல மடங்கு அதிகம் என்று காட்டியது. மனிதனோடு சேர்ந்து சோறு தின்று மாறிய பிராணி அது. 'தானியம் இல்லாதது' என்ற முத்திரைக்கும் இதே பதில்தான். பட்டாணி, பருப்பு நிறைந்த அந்த வகை உணவுகளுக்கும் நாய்களின் இதய நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ 2018-ல் விசாரணையே தொடங்கியது. காரணம் இதுதான் என்று நிரூபணமாகவில்லை. ஆனால் 'இயற்கை' என்ற வார்த்தையே உத்தரவாதம் என்று நினைப்பவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

எதிர் கோஷ்டியும் இருக்கிறது. "புரதம் அதிகமானால் கிட்னி போய்விடும்" என்று பயமுறுத்துவார்கள். ஆரோக்கியமான நாயின் சிறுநீரகத்தைப் புரதம் கெடுக்காது. தயிர்சாதமும் மேரி பிஸ்கட்டும் போட்டு வளர்ப்பதை விட 'அ', 'ஆ' இரண்டுமே எவ்வளவோ மேல். ஆபத்து புரதத்தில் இல்லை, கலோரியில் இருக்கிறது. பழைய உணவு இருந்த அதே கப்பில் புதிய 'ஆ'வை 123 கிராம் அளந்து போட்டால் தினமும் 60 கலோரிக்கு மேல் கூடுதல். ஆறு கிலோ உடம்புக்கு அது ஏழில் ஒரு பங்கு. இடுப்பு மறையும், மூட்டு வலிக்கும், 'சுறுசுறுப்பான' நாய் மாடிப்படி ஏற யோசிக்கும். 2002-ல் வெளியான ஆய்வு ஒன்றில் 48 லாப்ரடார் நாய்களை வாழ்நாள் முழுக்கக் கவனித்தார்கள். 25% குறைவாகச் சாப்பிட்ட நாய்கள் சராசரியில் சுமார் 1.8 வருடம் அதிகம் வாழ்ந்தன. எந்தப் பையின் முன்பக்கத்திலாவது இது கொட்டை எழுத்தில் இருக்கிறதா?

ஆக, பையைத் திருப்புங்கள். பின்பக்கத்தில் 'முழுமையான, சமச்சீரான உணவு' என்று இருக்கிறதா, எந்த வயது நாய்க்கு என்று இருக்கிறதா, மாமிசத்தின் பெயர் தெளிவாக இருக்கிறதா, ஒரு கிலோவுக்கு எத்தனை கலோரி என்று இருக்கிறதா? கலோரி இல்லாவிட்டால் நீங்களே போடலாம்: புரதம், மாவுச்சத்து ஒவ்வொரு கிராமுக்கும் 3.5, கொழுப்புக்கு 8.5. பிறகு சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். கப் நம்பகமான அளவு இல்லை.

நிறுவனங்களுக்கு ஒரே கேள்வி. அமெரிக்காவில் பையில் அச்சிடும் கலோரி அளவை இங்கே எல்லாப் பையிலும் அச்சிட என்ன தடை? 32%-க்கு முன்பக்கத்தில் அவ்வளவு இடம் இருக்கும்போது, நான்கு இலக்க எண் ஒன்றுக்குப் பின்பக்கத்தில் இடம் இல்லாமலா போகும்?

டிஸ்கி: குட்டிகள், சினை நாய்கள், பால் கொடுக்கும் நாய்கள், ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு உள்ள நாய்கள் ஆகியவற்றுக்கு மேலே உள்ள கணக்கு பொருந்தாது. அவற்றுக்குக் கடைக்காரர் அல்ல, கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.